கிணறு மூச்சு விட்ட நாள்

கிணறு மூச்சு விட்டதை நான் பார்த்திருக்கிறேன். கப்பலூர் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெண்களிடம் ஒருமுறை சொன்னேன். சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் மதுரைக்கு வடக்கே, சிறுமலைக்கும் அழகர் மலைக்கும் நடுவில் பள்ளமாகக் கிடக்கும். மேலே செம்மண். கொஞ்சம் தோண்டினால் சரளை. அதற்குக் கீழே உதிர்கிற பாறை, கையால் பிய்க்கலாம். அதற்கும் கீழே கருங்கல். எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் இதெல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் ஒரு துண்டு வானம் தெரியும்.

அப்பாவுக்கு மல்லித் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் தோட்டம். அவருக்கும் மல்லிதான். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே தோட்டம். பாகம் பிரித்தபோது பழைய கிணறு அப்பா பங்கில் வந்தது. பெரியப்பா தன் பங்கில் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டார். இரண்டு கிணற்றுக்கும் நடுவே கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் கூப்பிடுவதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த அந்தக் கோடையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

காரணம் தண்ணீர்தான். முந்தின வருடம் எங்கள் கிணறு வற்றப் பார்த்தது. அப்பா ஆட்களைக் கூட்டி வந்து சைடு போர் போட்டார். மிஷினைக் கிணற்றுக்குள் இறக்கி, கீழே போகாமல், பாறைச் சுவரில் பக்கவாட்டாகத் துளை போடுவது அது. கிழக்கே ஒன்று போட்டார்கள். வெறும் தூசி வந்தது. வடக்கே ஒன்று போட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அம்மா கற்பூரம் கொளுத்தினாள். வடக்கே இருந்தது பெரியப்பாவின் நிலம். அன்றைக்கு அதை யாரும் பேசவில்லை.

எங்கள் மல்லி தழைத்தது. பெரியப்பாவின் கிணற்றில் தரை தெரிந்தது.

பேச்சு நின்றதே தவிர, இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எருமையிடம் பேசுவார். அப்பா இந்தப் பக்கம் நின்று மண்வெட்டியிடம் பேசுவார்.

“பாத்தியா,” என்பார் பெரியப்பா, எருமையின் முதுகைத் தட்டி. “நீ குடிக்கிற தொட்டி காஞ்சு கெடக்கு. நம்ம மண்ணுக்குள்ள ஓட்டையப் போட்டு உறிஞ்சுறாய்ங்க.”

அப்பா மண்வெட்டியைத் தரையில் ஒரு குத்துக் குத்துவார். “தண்ணிக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்காகளா? எவன் கெணத்துல வருதோ அவன் தண்ணி.”

“அம்புட்டுத் திமிரு,” என்பார் பெரியப்பா. எருமை அசை போடும்.

எனக்கு இந்தச் சண்டையே விளங்கவில்லை. கிணறு என்றால் பானை மாதிரி என்று நினைத்திருந்தேன். அவரவர் பானை, அவரவர் தண்ணீர். பெரியப்பா பானை காய்ந்தால் அதற்கு எங்கப்பா என்ன செய்வார்? இப்படித்தான் நினைத்தேன். பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வகுப்பு மேலே. பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ். அவளும் நானும் அந்த வருடம் முழுக்க ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது.

சித்திரையில் பெரியப்பா, நேராகக் கீழே துளை போடுகிற போர் வண்டியைக் கொண்டுவந்தார்.

வண்டி வந்த அன்று அப்பா வண்டிப்பாதையில் குறுக்கே படுத்துக்கொண்டார். “நான் உசுரோட இருக்க வரைக்கும் அங்க போர் இறங்காது,” என்றார். அம்மா கிணற்றில் குதிப்பேன் என்று ஓடினாள். நான் அழுதேன். ஊர்க்காரர்கள் வந்து அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். “அவரு எடத்துல அவரு போடுறாரு. நீ போட்டப்ப அவரு வந்து படுத்தாரா?” என்றார் ஒருவர். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் சாவு என்கிற வார்த்தை அந்த இரண்டு நாளில் நிறையச் செலவாகியிருந்தது. அது எனக்கு இடைஞ்சலாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை அம்மா பூ மூட்டையோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தரைக்குள் இடிக்கிற சத்தம். உள்ளங்காலில் மண் அதிர்ந்தது.

அப்பா வேலியைப் பார்த்தபடி நின்றார். பிறகு கடப்பாரையை எடுத்தார்.

“வா பாப்பா. நம்ம ஓட்டையச் சுத்தம் பண்ணுவம். அவன் கீழ போறதுக்குள்ள நம்ம ஊத்து தொறந்துறணும்.”

வடக்குத் துளையின் வாயில் வண்டல் அடைத்திருந்தது. அதைத் தோண்டி எடுக்கத்தான் அப்பா முந்தின நாள் முழுக்க மோட்டாரை ஓட்டித் தண்ணீரை இறக்கியிருந்தார். முழங்கால் அளவு கிடந்தது. பாதி ஆழம் வரை கல்படி. அதற்குக் கீழே பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கயிற்றை மோட்டார் ரூம் தூணில் கட்டினார். என்னை மேலே உட்காரவைத்தார். வாளியில் வண்டலைப் போட்டு ஆட்டினால் நான் இழுத்துக் கொட்ட வேண்டும்.

அப்பா கிணற்றுக்குள் இறங்குகிறார் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அன்றைக்கு அப்பா மண்வெட்டியிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

சில வாளி இழுத்துக் கொட்டினேன். வெயில் ஏறியது. அப்போதுதான் கீழே தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வருவதைப் பார்த்தேன். கல் ஒன்றும் விழவில்லை. அப்பா அசையாமல் நின்றிருந்தார். ஆனாலும் அலை வந்தது.

பிறகு குமிழி வந்தது. பாறைச் சுவரை ஒட்டி, சோறு கொதிக்கிற மாதிரி.

“அப்பா, தண்ணி கொதிக்குது.”

அப்பா குனிந்து பார்த்தார். துளையிலிருந்து புஸ்ஸென்று ஒரு காற்று வந்தது. மாடு மூச்சு விடுவது போல இருந்தது. நின்றது. மறுபடி வந்தது. சூடான கல்லின் வாடை மேலே எனக்கு அடித்தது.

அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“ஊத்து தொறந்துக்கிச்சு பாப்பா! அடச்சிருந்த காத்து வெளிய வருது. இனிமே தண்ணிதான்!”

கடப்பாரையைத் துளைக்குள் விட்டு இன்னும் நன்றாகக் குத்தினார். முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

அடுத்து நடந்ததை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. கிணறு இரைந்தது. துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் சேறும் காற்றும் ஒன்றாகப் பாய்ந்தது. அப்பாவை எதிர்ச் சுவரில் தூக்கி அடித்தது. சேறு கிணற்றின் வாய் வரை எழும்பி என் மேல் கொட்டியது. கண் தெரியவில்லை. உதிர்கிற பாறை உதிர்ந்தது. பெரிய கல் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் சத்தமும் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புகை மாதிரி தூசி. அதற்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். இடது கால் கல்லுக்கு அடியில் இருந்தது. தண்ணீர் அவர் இடுப்பில் இருந்தது. துளை விடாமல் இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இரைச்சலுக்கும் தண்ணீர் ஏறியது.

கயிற்றை ஆட்டினேன். எட்டிப் பிடித்தார். இழுத்தார். கால் வரவில்லை.

“போ! நிறுத்தச் சொல்லு!”

“யாருகிட்டப்பா?”

அப்பா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். தண்ணீர் ஏறுகிற நேரத்தில்கூட அவருக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது.

“அவன்கிட்டதான். ஓடு!”

ஓடினேன். மல்லிப் பாத்தியை மிதித்து ஓடினேன். வேறு நாளாக இருந்தால் அதற்கே அடி விழும். வேலியில் முள். பெரியப்பா அந்த மாசிதான் புதிதாக அடைத்திருந்தார். எங்கே நுழைவது என்று பார்க்க நேரமில்லை. கையால் விலக்கிக்கொண்டு நுழைந்தேன். பாவாடை கிழிந்தது. பெரியப்பா நிலத்தில் கால் வைத்தபோது, அந்த நேரத்திலும், தப்புச் செய்கிறோம் என்றுதான் பட்டது.

போர் வண்டிக்குப் பக்கத்தில் பெரியப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பி, குழிக்குள் இறங்குகிற இரும்பு ராடைப் பார்த்தார். பேச்சு இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பார்த்தால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கத்தினேன். கம்ப்ரசர் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

“பெரியப்பா! அப்பா கெணத்துக்குள்ள! கல்லு விழுந்துருச்சு! இத நிறுத்துங்க!”

பெரியப்பா கையை உதறினார்.

“ஒங்கப்பன் சொல்லி விட்டானாக்கும்? முந்தாநாளு வண்டிக்கு முன்னாடி படுத்தான். இன்னைக்குக் கெணத்துல கல்லு விழுந்துருச்சா? நாளைக்கு என்ன பண்ணுவானாம்?”

“நெசமாத்தான் பெரியப்பா! தண்ணி ஏறுது!”

“கெணத்துல தண்ணி ஏறுனா நல்லதுதான? மல்லிக்குப் பாய்ச்சச் சொல்லு.”

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. செத்துப்போவார் என்று சொல்லலாம். அதைத்தான் நாங்கள் எல்லாரும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தோமே.

மேலே நெம்புகோலைப் பிடித்திருந்த போர்க்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குழியையே பார்த்தார். குனிந்து பெரியப்பாவிடம் கத்தினார்.

“அண்ணே, பொடி மேல வரல. நாம ஊதுற காத்து எங்கயோ போகுது. உள்ள வெடிப்பு இருக்கு, அது குடிக்குது.”

“குடிக்கட்டும். வெடிப்பு இருந்தாத் தண்ணி இருக்கும்னு நீதான சொன்ன? போடு, போடு.”

சொல்லிவிட்டு என்னைத் தள்ளிவிடத் திரும்பினார். தோளில் கை வைத்தார். வைத்த கை வழுக்கியது. கையைப் பார்த்தார். சாம்பல் நிறச் சேறு. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். என் சடையிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு தன் காலைப் பார்த்தார். காலையில் அவருடைய குழியிலிருந்து தெறித்த சேறு முழங்காலில் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டும் ஒரே நிறம். செம்மண் ஊரில் அந்த நிறம் மேலே கிடையாது. ஆழத்தில் கருங்கல்லை அரைத்தால்தான் அது வரும்.

“இது எங்க பட்டுச்சு?”

“கெணத்துக்குள்ள இருந்து அடிச்சிருச்சு பெரியப்பா.”

பெரியப்பா வேலிக்கு மேலாகப் பார்த்தார். எங்கள் கிணற்றின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் முகம் அந்தச் சேற்றின் நிறத்துக்கு மாறியதைப் பார்த்தேன்.

“நிறுத்து!”

போர்க்காரர் கையை ஆட்டினார். “திடீர்னு நிறுத்தக் கூடாதுண்ணே. காத்து நின்னா பொடியெல்லாம் இறங்கி, அடியில கல்ல ஒடைக்கிற பிட்ட அமுக்கிரும். அப்புறம் வராது. ராட உருவிட்டு நிறுத்துறேன். செத்த பொறுங்க.”

“உள்ள என் தம்பி கெடக்கான்டா! நிறுத்து!”

என் தம்பி என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதுவரை ‘அவன்’தான், ‘அந்தாளு’தான்.

போர்க்காரர் நெம்புகோலை இழுத்தார். சத்தம் நின்றது. அப்படி ஒரு அமைதி. குருவி கத்துவது கேட்டது. குழிக்குள் எதுவோ சரசரவென்று இறங்குகிற சத்தமும் கேட்டது. போர்க்காரர் தலையில் கை வைத்தார். பெரியப்பா அதைப் பார்க்க நிற்கவில்லை. நான் நுழைந்த இடத்திலேயே வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். நானும் ஆட்களும் பின்னால் ஓடினோம்.

அப்பாவுக்குத் தண்ணீர் நெஞ்சில் நின்றிருந்தது. துளை இரையவில்லை. கண் மூடியிருந்தது.

“அப்பா!”

கண்ணைத் திறந்தார். மேலே பெரியப்பா தலை தெரிந்ததும் மறுபடி மூடிக்கொண்டார்.

பெரியப்பா செருப்பைக் கழற்றினார். இந்தக் கிணற்றுத் தண்ணீர் தன் நாக்கில் படாது என்று எருமைமேல் சத்தியம் செய்தவர் அவர். படியில் இறங்கினார். எந்தப் படி ஆடும், எங்கே கால் வைக்கக் கூடாது என்று பார்க்காமலே தெரிந்தது அவருக்கு. பாதிக்குக் கீழே கயிற்றைப் பிடித்து இறங்கினார். தண்ணீரில் நின்றார். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்.

கல்லைத் தடவிப் பார்த்தார். கடப்பாரையைத் தேடி எடுத்தார். கல்லுக்கு அடியில் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து மேலே என்னைப் பார்த்தார்.

“பாப்பா! நான் நெம்புறப்ப ஒங்கப்பன காலை இழுக்கச் சொல்லு!”

எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பா அவர் முன்னாலேயே இருந்தார். இருந்தாலும் சொன்னேன்.

“அப்பா, பெரியப்பா நெம்புறப்ப காலை இழுக்கச் சொல்றாக!”

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “கால்ல உணர்ச்சி இல்லைன்னு சொல்லு.”

“உணர்ச்சி இல்லையாம் பெரியப்பா!”

“அப்ப ரெண்டு கையையும் சுவத்துல ஊனி ஒடம்ப இழுக்கச் சொல்லு!”

“கைய ஊனி இழுக்கணுமாம்!”

“ஊனிட்டேன்னு சொல்லு.”

“ஊனிட்டாராம்!”

மேலே கயிற்றைப் பிடித்திருந்த ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். “ஏண்ணே, இந்தா நிக்கிறாரு. நேராச் சொன்னா என்ன?” என்றார். கீழேயிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பெரியப்பா நெம்பினார். கல் அசைந்தது, திரும்ப உட்கார்ந்தது. அப்பா கத்தினார். சுவரிலிருந்து கொஞ்சம் சரளை கொட்டியது. எல்லாரும் சுவரையே பார்த்தார்கள். சுவர் நின்றது.

அப்போது ஒன்று கவனித்தேன். அப்பாவின் நெஞ்சில் சேற்றுக் கோடு ஒன்று தெரிந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது. வந்த துளை வழியாகவே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவும் அதைப் பார்த்தார். துளையில் கை வைத்துப் பார்த்தார். தண்ணீர் உள்ளே போவதை, தன் நிலத்துப் பக்கம் போவதை, கையிலேயே பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அப்பா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா,” என்றார் பெரியப்பா. இந்தத் தடவை சத்தமாகச் சொல்லவில்லை. “இன்னொருக்கா நெம்புறேன்னு சொல்லு.”

சொன்னேன். கல் புரண்டது. அப்பா மயங்கிப் பெரியப்பாவின் தோளில் சாய்ந்தார். பெரியப்பா அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். ஆட்கள் இழுத்தார்கள். பெரியப்பா கீழேயிருந்து தாங்கிக்கொண்டே ஏறினார். மேலே வந்ததும் அப்பாவைப் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய், எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

போர் வண்டியோடு சாமான் ஏற்றி வந்த டெம்போவில் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். போர்க்காரர் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தார். வழியில் யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

“ரெண்டு கெணறும் ஒரே வெடிப்புல நிக்குது. இங்க ஊதுனா அங்க வருது. இது தெரியாம வேலியப் போட்டு வச்சிருக்காய்ங்க.”

மாட்டுத்தாவணியிலிருந்து அம்மா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் காலிப் பூச்சாக்கு. நடந்ததையெல்லாம் ஆட்கள் சொல்லக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. “இறங்குனது யாரு?” என்று மட்டும் என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

அப்பாவுக்குக் கால் பிழைத்தது. நடை கோணலாகிவிட்டது. போர்க்காரர் பயந்தது போலவே பெரியப்பாவின் குழியில் பிட்டு மாட்டிக்கொண்டது. வண்டியை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. பிட்டும் ராடும் பூமிக்குள்ளேயே போயின; அதன் விலை பெரியப்பா தலையில் விழுந்தது. அவருக்குப் போரும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த வாரமே பெரியப்பா வீட்டு எருமைகளை யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இனி அவர் யாரிடம் பேசுவார் என்று கவலைப்பட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. இனிமேல் இரண்டு வீடும் பேசும். பஸ்ஸில் பெரியப்பா மகள் பக்கத்தில் உட்காரலாம். பள்ளிக்கூடம் திறக்கக் காத்திருந்தேன்.

பேசவில்லை. அப்பா கட்டோடு வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பாவும் திருப்பிக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. கிணற்றுக்குள் விட்டிருக்க வேண்டும் இரண்டு பேரையும் என்று நினைத்தேன்.

அப்பா கட்டிலில் கிடந்தபடியே அம்மாவிடம் முதலில் சொன்ன வேலை மோட்டார் பற்றியது.

“உச்சிப் பொழுதோட மோட்டார நிறுத்திரு.”

“நிறுத்திட்டு? பூ கருகிரும்.”

“பாதிச் செடியக் கொத்திப் போடு. மீதிக்குப் பாயட்டும்.”

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பூத்துக் குலுங்குகிற செடியை வெட்டினாள். அப்பாவால் இனி வேலை பார்க்க முடியாது, அதனால்தான் தோட்டத்தைக் குறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதிலிருந்து தினமும் அதுதான் வழக்கம். உச்சி வேளைக்கு எங்கள் மோட்டார் நிற்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் மோட்டார் ஓடும். தரை தெரிந்த கிணற்றில் எப்படி ஓடுகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏன் இரண்டும் ஒன்றாக ஓடுவதில்லை என்று மட்டும் ஒருநாள் கேட்டேன்.

“கரண்டு தாங்காது,” என்றார் அப்பா.

நம்பினேன். ஒரே டிரான்ஸ்பார்மரில் அந்தப் பக்கம் எத்தனை மோட்டார் ஒன்றாக ஓடியது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நம்பினேன்.

இப்போது மதுரை ஆனையூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் போன கோடையில் எங்களைவிட ஆழமாகப் போர் போட்டார். எங்கள் போர் காற்றைக் கக்கியது. வீட்டு ஓனர் தெருவில் நின்று சத்தம் போட்டார். “என் எடத்துல நான் போடுறேன்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. மலையில் பெய்கிற மழை மண்ணில் இறங்குகிறது. சரளைக்குள் தேங்குகிறது. கருங்கல்லின் வெடிப்பு வழியாக மெதுவாகப் பள்ளத்துக்கு நகர்கிறது. ஒருவன் விடாமல் இழுத்தால் அடுத்தவனுக்கு எட்டாது. இழுப்பதை நிறுத்தினால் திரும்ப ஊறி வரும். அப்பா தினமும் உச்சியில் நிறுத்தியது அதற்குத்தான். வாயைத் திறக்காமல் அவர்கள் தண்ணீரைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் மோட்டார் நின்று வெகுநேரம் ஆகியும் அந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். அப்பா தட்டைத் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“அங்க பியூஸ் கியூஸ் போயிருச்சான்னு பாத்துட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லாத. நீயாப் போன மாதிரிப் போ.”

போனேன். வேலியில் அன்றைக்குப் பிய்த்த இடம் அப்படியே இருந்தது. யாரும் அடைக்கவில்லை. பெரியப்பா மோட்டார் ரூமில் பியூஸ் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

“என்ன பாப்பா?”

“சும்மாத்தான் பெரியப்பா.”

“ஒங்கப்பன்கிட்டப் போயி…” என்று ஆரம்பித்தார். பிறகு கம்பியைப் பல்லால் கடித்து முறுக்கினார். “ஒண்ணும் சொல்ல வேணாம். போ.”

நான் வேலியைத் தாண்டுவதற்குள் மோட்டார் ஓடியது. வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டால்தான் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும் போல என்று நினைத்துக்கொண்டு நானும் தட்டை எடுத்தேன்.